பெயர் செய்த பிழை

நோய் மனிதனை வருத்துவது இயல்பு. நோயின் பெயரே வருத்துவதும் உண்டு. தோலில் பால்போல் வெளுத்த திட்டுகள் தோன்றும் நிலைக்குத் தமிழில் நெடுங்காலம் 'வெண்குட்டம்' என்ற பெயர் வழங்கியது. அது பிறரைத் தொற்றுவதில்லை. உயிருக்கு ஊறும் செய்வதில்லை. ஆயினும் 'குட்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டமையால், பந்தியில் ஒதுக்கப்பட்டோரும் மணம் தடைப்பட்டோரும் பலர்.

இக்குழப்பம் மிகப் பழையது. அதர்வ வேதம் இதனைக் 'கிலாசம்' என்று குறித்து, அதனை நீக்குமாறு மூலிகையை வேண்டுகிறது. சுசுருத சம்ஹிதை கிலாசத்தைக் குட்டத்தின் வகையிலே சேர்த்தாலும், அது தோலளவில் நிற்பது, நீர் கசியாதது என வேறுபாட்டையும் தெளிவாக உரைத்தது. மருத்துவர் கண்ட அவ்வேறுபாட்டைச் சமூகம் மனத்திற் கொள்ளவில்லை. பெண் கொள்ளலாகாத குடும்பங்களை எண்ணும் மனுஸ்மிருதி, இவ்விரு நோயும் உள்ள குடும்பங்களை அடுத்தடுத்தே நிறுத்தியது.

1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் அந்நோயும் முற்றிலும் குணமாகக் கூடியதாயிற்று. ஆகவே அவர்களை ஒதுக்குவதற்கும் நியாயமில்லை. வெண்புள்ளிக்கோ கிருமியே காரணமன்று. தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்களை உடலின் தற்காப்பு ஆற்றலே அழித்துவிடுகிறது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குன்றும், இதில் குன்றுவதில்லை. எனினும், ஒருவருக்கு இது ஏன் வந்தது, ஏன் இந்த வயதில் வந்தது என்னும் வினாக்களுக்கு முழு விடை இன்றும் இல்லை. விடையில்லாத இடத்தில் பழி வந்து குடியேறுகிறது. முற்பிறவி வினை என்பார் சிலர். மீனும் பாலும் சேர்த்து உண்டதன் பயன் என்பார் சிலர்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இன்னொரு விந்தையையும் காண்கிறோம். மராத்தியர் 'கோட்' என்றால் இவ்வெண்புள்ளியைக் குறிப்பர். ஏறக்குறைய அதே ஒலியுடைய சொல் ஹிந்தியில் தொழுநோயைக் குறிக்கும். மாநில எல்லையைக் கடக்கும் ஒருவர், உடலில் எந்த மாற்றமும் இன்றியே, வேறொரு நோயாளி ஆகிவிடுகிறார்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகாதாரக் கையேட்டைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. அகராதி காட்டியபடியே 'வெண்குட்டம்' என்று எழுதி, படியை அடுத்த மேசை நண்பரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். அவர் கைகளில் வெண்திட்டுகள் உண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடித்து விட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தானிட்டுக் கொண்டு, படிக்கத் தொடங்கினார். நான் படியைத் திரும்பப் பெற்று, அச்சொல்லை அடித்து 'வெண்புள்ளிகள்' என்று எழுதினேன்.

நோயின் காரணத்தை முழுமையாக அறிய அறிவியலுக்கு இன்னும் காலம் வேண்டியிருக்கலாம். பெயரைத் திருத்துவதற்கு நமக்கு ஒரு நொடி போதும்.