அசரியா கண்ட குறை

நெல்லை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் செலவிலேயே தமிழகத்திற்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு, தம் நெல்லைத் திருச்சபையின் நிலையை எண்ணி நாணினார். பிறரைப் பழித்தாரல்லர், ஊர் திரும்பித் தோழரைக் கூட்டினார். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. ஆள், பொருள், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையனவே. 1909இல் தாமே ஊழியராகத் தோர்ணக்கல் சென்றார்.

1910இல் எடின்பரோ மாநாட்டில், மேனாட்டு ஊழியரிடம் அவர் வேண்டியது பொருளன்று, சமமான நட்பு. தம் குறையை முன்னரே திருத்தியவர் கூறியதால் அச்சொல்லுக்கு எடை இருந்தது. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

ஜொகூர்த் தோட்டங்களில் கோயிற்குழு நடத்தும் நாமும், பிறரிடம் கணக்குக் கேட்குமுன் நம் கணக்கைப் பார்ப்போமாக.