பெயர் கொடுத்தவர்கள்

1864-ஆம் வருஷம், மே மாதம். லண்டன் நகரில் இருட்டிய பிறகு சில அரசியல் பிரமுகர்களின் வீட்டுக் கதவைத் தந்திச் சேவகன் வந்து தட்டினான். அகாலத்தில் தந்தி வந்தால் எந்தத் தேசத்திலும் வயிறு ஒரு கணம் கலங்கத்தான் செய்யும். நம் நாட்டிலும், 2013-இல் தந்திக்கு விடை கொடுத்து அனுப்பும் வரையில், உறையைப் பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுகிற பாட்டிமார்கள் இருந்தார்கள். லண்டன் பிரமுகர்கள் உறையைப் பிரித்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹார்லி வீதியில் பல் வைத்தியம் செய்துவந்த கேப்ரியல் கம்பெனியார், அக்டோபர் மாதம் வரையில் தாங்கள் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை வைத்தியசாலையில் இருப்பதாகத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்!

வந்த கோபத்தில் ஒருவர் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பல் வைத்தியர்களோடு தமக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. வெறும் விளம்பரத்துக்காகத் தம்மைத் தொந்தரவு செய்ய இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பது அவருடைய கேள்வி.

பல் வைத்தியர் தம் தொழிலை விளம்பரம் செய்தது குற்றமா? இல்லை. பல்வலிக்காரன் ஒருவனுக்கு அந்தத் தந்தி அமிர்தமாக இருந்திருக்கும். ஆனால் யாருக்கு வலி, யாருக்கு வலியில்லை என்று கேப்ரியல் கம்பெனியார் விசாரிக்கவில்லை. விலாசம் கிடைத்தது, தந்தி அடித்துவிட்டார்கள். இன்றைக்கு இன்டர்நெட்டில் கடை திறந்து, மின்னஞ்சலில் விளம்பரம் அனுப்ப நினைக்கும் வியாபாரியும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்: ‘இந்தப் பெயர்கள் நீ எடுத்தவையா, அவர்கள் கொடுத்தவையா?’

எடுத்த பெயர்களின் கதையை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்க ராணுவ இலாகாவின் பணத்தில், பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் இணைத்து ‘அர்ப்பாநெட்’ என்ற கம்ப்யூட்டர் வலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை உபயோகித்தவர்களின் விலாசங்கள் அச்சுப் புத்தகமாகவே கிடைத்தன. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி சில புதிய யந்திரங்களைச் செய்து, அவற்றைக் கலிபோர்னியாவில் இரண்டு ஊர்களில் ஜனங்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. அதன் விற்பனைப் பகுதியில் இருந்த கேரி தூர்க் என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவானேன்? புத்தகத்தைப் புரட்டி, மேற்குக் கரைப் பக்கத்துப் பெயர்களாகச் சுமார் 400 பொறுக்கி, மே மாதம் 3-ஆம் தேதி எல்லோருக்குமாக ஒரே கடிதத்தை அனுப்பச் செய்தார்.

விலாசம் எழுதும் இடத்தில் அத்தனை பெயரும் கொள்ளவில்லை. மிச்சப் பெயர்கள் வழிந்து கடிதத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டன. நம் ஊரில் சில கல்யாணப் பத்திரிகைகளில் சுற்றமும் நட்பும் ஏறி நெருக்கி, பெண்ணும் பிள்ளையும் எங்கே என்று தேட வேண்டியிருக்குமே, அந்த மாதிரி!

ராணுவ இலாகா அதிகாரி சீறினார். சர்க்கார் காரியத்துக்காக ஏற்பட்ட வலையில் வியாபாரமா என்று கண்டித்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் மட்டும், கடிதத்தைப் பார்க்காமலே, ‘இதில் என்ன பெரிய தப்பு?’ என்ற தோரணையில் வாதம் செய்தார். யாரோ ஒரு நண்பர் அந்தக் கடிதத்தை அவருக்கே அனுப்பி வைத்தார். தலை நீளத்தைப் பார்த்ததும் ஸ்டால்மன் சொன்ன சொல்லை அப்படியே விழுங்கிவிட்டார். வாசல் தம்முடையதாக இருக்கும்போதுதான் மனிதருக்குத் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

ஆனாலும் அந்தக் கடிதத்தால் விற்ற யந்திரங்களின் மதிப்பு சுமார் 1 கோடி 30 லட்சம் டாலர் என்று தூர்க் பிற்காலத்தில் கணக்குச் சொன்னார். வினையே அங்கேதான். திட்டு வாங்கியதோடு நஷ்டமும் வந்திருந்தால் பின்னால் வந்தவர்கள் யோசித்திருப்பார்கள். 1994 ஏப்ரலில் அமெரிக்காவில் குடியேற விரும்புவோருக்கான சீட்டுக் குலுக்கலைப் பற்றி ஒரு வக்கீல் தம்பதி ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் தங்கள் விளம்பரத்தைத் திணித்தார்கள். வசவு மழையாகக் கொட்டியது. தம்பதி அசையவில்லை, இப்படிப் பணம் பண்ணுவது எப்படி என்று அதே வருஷம் புத்தகமே போட்டுவிட்டார்கள்.

இனி, கொடுத்த பெயர்கள். இங்கே கதை ஆரவாரமில்லாமல் நடக்கிறது. எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

1986-இல் பாரிஸ் நகரில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ் ‘லிஸ்ட்செர்வ்’ என்ற ஏற்பாட்டை எழுதினார். அதற்கு முன்னெல்லாம் ஒரு கடிதக் குழுவில் சேர வேண்டுமானால் யாராவது ஒருவர் உட்கார்ந்து கையால் பெயரைச் சேர்க்க வேண்டும். தாமஸின் ஏற்பாட்டில், ‘என்னைச் சேர்த்துக்கொள்’ என்று ஒரு வரி எழுதினால் யந்திரம் சேர்த்துக்கொள்ளும்; ‘விட்டுவிடு’ என்றால் விட்டுவிடும். போவதும் வருவதும் பெயருக்கு உடையவர் இஷ்டம். அப்புறம் விஷமக்காரர்கள் முளைத்தார்கள். ஒருவன் பெயரை இன்னொருவன் எழுதிப் போட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார்கள். ‘உண்மையாகவே நீங்கள்தானா கேட்டீர்கள்?’ என்று அந்த விலாசத்துக்கே ஒரு கடிதம் போகும். ‘ஆம்’ என்று பதில் வந்த பிறகுதான் பெயர் பட்டியலில் ஏறும். நாணயமான கடைக்காரர்கள் இன்றும் கைக்கொள்ளும் முறை அது.

1995-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்ற கம்ப்யூட்டர்காரர், ஊரில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு சிநேகிதர்களுக்கு மின்னஞ்சலில் எழுதிவந்தார். சிநேகிதர்களின் சிநேகிதர்கள் ‘எனக்கும் அனுப்பேன்’ என்றார்கள். பிறகு, ‘வீடு காலி என்று போடேன், வேலை காலி என்று போடேன்’ என்றார்கள். பெயர்கள் சுமார் 240 ஆனதும் அவருடைய சாதனம் பாரம் தாங்காமல் படுத்துவிட்டது. வேறு ஏற்பாட்டுக்கு மாறும்போது அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நகரத்து நிகழ்ச்சிகள் என்று அடக்கமாக வைக்க நினைத்தார் நியூமார்க். ஆனால் ஜனங்கள் ஏற்கெனவே அதைக் ‘கிரெய்க்கின் பட்டியல்’ என்று அழைக்க ஆரம்பித்திருந்தார்கள். 1999-இல் கம்பெனியாகப் பதிவான கிரெய்க்ஸ்லிஸ்ட் அதுதான். தூர்க்கிடம் முதலில் சரக்கு இருந்தது. பெயர்களைத் தேடிப் போனார். நியூமார்க்கிடம் முதலில் பெயர்கள் வந்தன. வியாபாரம் பின்னால் வந்தது.

இதைத் தத்துவமாகச் சொன்னவர் ஸெத் கோடின். பந்தயங்களும் விளையாட்டுகளும் நடத்தி, சம்மதித்துச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விளம்பரம் அனுப்பிய அவருடைய கம்பெனியை 1998-இல் யாஹூ வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷம் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரிலேயே ‘அனுமதி’ என்ற சொல் இருந்தது.

சட்டம் வந்தபோது இரண்டு கண்டங்கள் இரண்டு விதமாகப் பிரிந்தன. ஐரோப்பிய யூனியன் 2002-இல், முன்கூட்டிச் சம்மதம் பெறாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பலாகாது என்றது. ஏற்கெனவே சாமான் வாங்கியவருக்கு அதே மாதிரிச் சாமானைப் பற்றி எழுத மட்டும் கொஞ்சம் சலுகை கொடுத்தது. அமெரிக்காவோ 2003-இல் செய்த சட்டத்தில், அனுப்பலாம், ஆனால் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும், உண்மையான தபால் விலாசத்தைக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாட்களுக்குள் விட்டுவிட வேண்டும் என்று முடித்துக்கொண்டது. அந்த நாட்டுக்கு இது பழைய வழக்கம். தம் மனசுக்கு ஆபாசமாகப் பட்ட தபால் விளம்பரத்தை இனி அனுப்பாதே என்று வீட்டுக்காரர் தடுக்கலாம் என 1970-இல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. அதிலும் முதல் விளம்பரம் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் வாய் திறக்க முடியும். ஒரு கடைக்காரர் ஒரு தடவை தட்டினால் போகட்டும் எனலாம். ஊரிலுள்ள கடைக்காரர் எல்லோரும் ஒவ்வொரு தடவை தட்டினால் வீட்டுக்காரர் கதவருகிலேயே குடியிருக்க வேண்டியதுதான்! ஐரோப்பியர் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

2018 மே மாதம் ஐரோப்பாவில் இன்னும் கடுமையான சட்டம் அமலுக்கு வந்தது. தானாகவே ‘சரி’ என்று குறி போட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது என்றது அது. அந்த நாட்களில் ஜனங்களுடைய அஞ்சல் பெட்டிகளில் கடைக்காரர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாம் ஒரே பல்லவி: ‘எங்களை மறந்துவிடாதீர்கள், இன்னும் கடிதம் அனுப்பலாமா?’ இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் மதுக்கடை நடத்தும் வெதர்ஸ்பூன் கம்பெனியார் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சட்டம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, 2017 ஜூனில், இனிச் செய்திக் கடிதம் வராது, விலாசங்கள் அத்தனையையும் அழித்துவிடுகிறோம் என்று வாடிக்கைக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். சொன்னபடியே அழித்துவிட்டு, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள்.