நிணநீர்ப் புற்று: கோழிக்கு நாம் பட்ட கடன்

நிணநீர்ப் புற்று பற்றி மருத்துவ மாணவர்கள் இன்று படிக்கும் அடிப்படைப் பாடங்களில் பல, கோழியிடமிருந்து வந்தவை. கால்நடை ஆய்வாளர்களின் பெயர் மட்டும் அந்தப் பாடங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. அந்தக் கடனை இங்கேயாவது சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

1908-இல் கோபன்ஹேகனில் எல்லர்மானும் பாங்கும் இரத்தப்புற்று கண்ட கோழியின் உறுப்புச் சாற்றை, உயிரணு எதுவும் தங்காதபடி வடிகட்டி, நல்ல கோழிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. இரத்தப்புற்றைப் புற்று வகையிலேயே சேர்க்காத காலம் அது. கண்டுபிடிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டு கழித்துப் பெய்ட்டன் ரௌஸ், கோழியின் சதைப்புற்றும் வைரஸால் வருவதே என்று நியூயார்க்கில் காட்டினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல்தான்.

கோழி ஆய்வு மனிதருக்குப் பயன்பட்ட கதை உகாண்டாவில் தொடங்குகிறது. 1957-இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் இருபுறமும் வீங்கிய ஒரு சிறுவனைப் பார்த்தார். சில வாரங்களில் ஜிஞ்ஜாவில் அதே கோலத்தில் இன்னொரு குழந்தை. அதன்பின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி, நண்பர்கள் இருவருடன் கிழக்கு ஆப்பிரிக்கா முழுதும் விசாரித்துத் திரிந்தார். வெப்பமும் மழையும் மிகுந்த பகுதிகளில்தான், பர்கிட் நிணநீர்ப் புற்று என்று இன்று அறியப்படும் இந்தக் கட்டி காணப்பட்டது.

1961 மார்ச்சில் அவர் லண்டனில் ஆற்றிய உரையைக் கேட்க வந்திருந்தவர் அந்தோணி எப்ஸ்டைன். ரௌஸின் கோழி வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல காலம் ஆராய்ந்தவர். புற்றுக்கு வைரஸ் காரணமாகலாம் என்பது அவருக்குப் பழகிய எண்ணம். கம்பாலாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துண்டுகளில் இரண்டு ஆண்டுக்கும் மேலாக எதுவும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, குப்பி தாமதமாக வந்து சேர்ந்தது. திரவம் கலங்கியிருந்தது. கிருமி புகுந்துவிட்டதென்று கொட்டிவிடாமல், ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். கட்டியிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள், உயிரோடு மிதந்தன. அவற்றை வளர்த்துத்தான் 1964-இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் மூவரும் புதிய ஹெர்பிஸ் வைரஸைக் கண்டார்கள். மனிதப் புற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் அதுவே.

கோழிக்கு இன்னொரு கடனும் உண்டு. எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுவைப் பி-செல் என்று நாம் அன்றாடம் சொல்வதில் உள்ள 'பி' கோழியின் பர்சாவைக் குறிக்கிறது. பர்சா, கழிவுவாய்க்கு மேலே உள்ள சிறிய பை. ஒஹையோவில் புரூஸ் கிளிக் அதன் பயனை அறியச் சில கோழிகளில் அதை அகற்றியிருந்தார். உடன் ஆய்வு செய்த சாங் என்பவர் வகுப்பில் செய்துகாட்டுவதற்காக அந்தக் கோழிகளுக்குச் சால்மொனெல்லா ஊசி போட, பலவற்றில் எதிர்ப்பொருளே உருவாகவில்லை. 1956-இல் அதை வெளியிட்டது கோழி வளர்ப்பு அறிவியலுக்கான இதழ் ஒன்று. மருத்துவ உலகம் அதைக் கவனிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அதே பர்சாவில் தொடங்கும் நிணநீர்ப் புற்றில், கோழி வைரஸ் ஒன்று 'மிக்' என்னும் மரபணுவின் அருகே புகுந்து அதை ஓயாமல் இயங்கச் செய்கிறது என்பது 1981-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டு, பர்கிட் கண்ட அந்தக் கட்டியை ஆராய்ந்தபோது, 8-ஆம் குரோமோசோம் முறியும் இடத்தில் அதே மிக் மரபணு நின்றது. வழிகள் வேறு, இரண்டிலும் கட்டவிழ்ந்தது ஒரே மரபணு. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த முடிவு இதுதான்.

இன்னொரு கோழி நோய் மேரக்ஸ். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக விறைத்துக் கோழி சாய்ந்து கிடக்கும். தொடை நரம்பு தடித்திருக்கும். ஹங்கேரியின் ஜோசப் மாரெக் 1907-இல் விவரித்த நோய் இது. ஹெர்பிஸ் வைரஸே காரணம் என்பது 1967-இல் உறுதியானது. சில ஆண்டுகளிலேயே தடுப்பூசி வந்தது. ஒரு புற்றுநோயைப் பரவலாகத் தடுத்த முதல் தடுப்பூசி இதுவே. நாமக்கல் பண்ணைகளுக்குப் போகும் முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்திலேயே, பிறந்த நாளில், கழுத்துத் தோலடியில் போடப்படுவது இந்த ஊசிதான். அது கட்டியைத் தடுக்கும். வைரஸ் தொற்றை முழுதும் தடுக்காது. எப்ஸ்டைன்-பார் வைரஸுக்குத் தடுப்பூசி தேடுவோர் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் வீட்டு நாய்க்கும் நிணநீர்ப் புற்று தானாகவே வருகிறது. தாடைக்கடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நிணநீர்க் கணுக்கள் வலியின்றி வீங்கும். மனிதருக்குத் தரும் வின்கிறிஸ்டின், டாக்ஸோருபிசின் மருந்துகளைத்தான் அதற்கும் தருகிறோம். நாம் இருக்கும் வீட்டிலேயே வாழ்ந்து, நாம் மூச்சுவிடும் காற்றையே சுவாசிக்கும் உயிர் அது. இளம் கால்நடை மருத்துவர்களை நான் கேட்டுக்கொள்வது: வீங்கிய கணுவிலிருந்து ஊசியால் மாதிரி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்புங்கள், வயது, இனம், இருப்பிடம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுங்கள், அந்தத் தகட்டை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி நோய்க்குறியியல் துறைக்கும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். அங்கே இருப்பவர்கள் அதை நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.