மணமகளிர் சமைத்த மலாக்கா

தேனிலவு என்றால் உதகையையும் கொடைக்கானலையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். வரலாறு பயின்ற இருவர் மணந்துகொண்டால் அவ்வழக்கம் சற்றுப் பிறழும் போலும். நாங்கள் மலாக்காவுக்குச் சென்றோம். தங்கிய நாள்களில் பாதியைக் கோயில் வாயில்களிலும் மீதியை உணவுக் கடைகளிலும் கழித்தோம். அந்நகரின் வரலாறு, ஏட்டைக் காட்டிலும் இலையில் தெளிவாகக் கிடைக்கிறது.

ஏறத்தாழ 1400-இல் பரமேசுவரன் என்னும் இளவரசன் நிறுவிய துறைமுகம் அது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கலங்கள், காற்றுத் திரும்பும் வரையில் மாதக் கணக்கில் அங்குக் காத்துக் கிடந்தன. வணிகரைக் கவனிக்கச் சுல்தான்கள் நான்கு சாபந்தர்களை அமர்த்தியிருந்தனர். நம் கரையினர் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர். 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய பின் அங்கு வாழ்ந்த தொமே பிரெசு என்பவர், 84 மொழிகளை அந்நகரில் கேட்கலாம் என்று எழுதி வைத்தார்.

காத்திருக்கும் வணிகனுக்கு வீடு வேண்டும், அடுப்பும் வேண்டும். ஊரிலிருந்த பெண்டிரோ கடல் கடப்பதில்லை. ஆகவே அவன் அங்கேயே மணம் புரிந்தான். சீனர் வழியில் பாபா-நோன்யா குடிகளும், போர்த்துகீசியர் வழியில் கிறிஸ்தாங் மக்களும், தமிழ் வணிகர் வழியில் மலாக்காச் செட்டிகளும் தோன்றினர். பின்னாளில் வட்டித் தொழிலுக்குச் சென்ற நகரத்தார் வேறு, இவர்கள் வேறு.

அம்மணமகளிரின் கைவண்ணத்தையே இன்று உலகம் தேடிச் சென்று உண்கிறது. கொத்துமல்லியும் சீரகமும் மஞ்சளும் கணவன் கலத்தில் வந்தவை. எலுமிச்சைப் புல்லும் அரத்தையும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் மனைவியின் கொல்லையிலும் கரையிலும் கிடைத்தவை. இரண்டையும் தேங்காய்ப்பால் இணைத்து வைத்தது. கிறிஸ்தாங் வீடுகளின் 'டெபல்' கறியில் காடியும் கடுகும் கூடின. அக்கறியை ஒரு கவளத்துக்கு மேல் உண்ண எங்களுள் ஒருவருக்கே இயன்றது.

பிள்ளை தாய்மொழியில் பேசியது, அது மலாய். இதனால்தான் தமிழ் மறைந்தது என்று பலர் முடித்துவிடுவர். எங்களுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. நம் கரைக் கலங்கள் வந்துகொண்டிருந்த வரையில் கடைத்தெருவில் தமிழுக்கு வேலை இருந்தது. 1641-இல் டச்சுக்காரர் வந்து வாணிகத்தைத் தம் பிடிக்குள் கொணர்ந்தனர். பழைய வணிகம் நலிந்தது. செட்டிகள் நாளடைவில் காஜா பெராங் பகுதியில் வேளாண்மைக்குத் திரும்பினர். கணக்கெழுதவும் விலை பேசவும் தமிழ் தேவைப்படாத நாளில், வீட்டில் மட்டும் அதனைக் காக்க எவர் இருந்தனர்? மலாய்த் தாய்மார் மீது பழி சுமத்துவது முறையன்று.

அவர்கள் காத்தவை வேறு. டச்சு அரசு அளித்த நிலத்தில் தெய்வநாயகம் செட்டி 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில், 1748-ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலுக்கும் அண்மையில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 2008-இல் மலாக்காவை யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே சாரோங் உடுத்த பெண்கள் அங்கு நெய்விளக்கு ஏற்றி வந்திருக்கின்றனர். போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படைப்பர். அதற்குப் 'பார்ச்சு' என்று பெயர்.

எங்களுள் ஒருவர் தில்லியில் பிறந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர். புது வீட்டில் எம்மொழி பேசுவது என்ற வினா அந்நாள்களில் எங்களிடையே எழுந்தபடியே இருந்தது. கம்போங் செட்டியில் மூதாட்டி ஒருவரிடம் தமிழில் பேசினோம். அவர் சிரித்தார், விளங்கவில்லை என்று கை அசைத்தார். பிறகு உள்ளே சென்று, தட்டொன்றை எங்கள் முன் வைத்து, 'அப்பம்' என்றார்.