மருத்துவச்சியும் மந்திரசானியும்

லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் நதித் துறைமுகங்களை அடுத்து, பாப்ளர் என்றொரு பேட்டை உண்டு. கூலித் தொழிலாளரும் கப்பல்துறைச் சுமையாளரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது. அங்கே 1950-களில், கைப்பெட்டியைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த பெண்களின் வாழ்க்கையை, 2012-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பி.பி.சி. நிறுவனத்தார் தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பத் தொடங்கினர். ‘கால் தி மிட்வைஃப்’ என்பது அதன் பெயர். ‘மருத்துவச்சியைக் கூப்பிடுங்கள்’ என்று நாம் சொல்லலாம்.

பிள்ளைப்பேற்றைத் தவிர வேறு கதையில்லாத ஒரு நாடகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் முதல் நிகழ்ச்சியையே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கண்டனர். பேறுகாலத்து வலியை நடிப்பாக அன்றி மெய்யாகக் கண்டதுபோல் இருந்தது என்றனர் தாய்மார் பலர். ‘நான் பிறந்த வீடு இப்படித்தான் இருந்தது, என்னை ஏந்திய கையும் இப்படிப்பட்ட கைதான்’ என்று முதியவர்கள் நினைவுகூர்ந்தனர். ஓய்வு பெற்ற மருத்துவச்சிகள் தம் பழைய பெட்டிகளையும் பதிவேடுகளையும் தேடி எடுத்தனர். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கேற்ற இனிப்புப் பண்டம் என்று முகம் சுளித்த விமர்சகர்களும் உண்டு. ஆனால் கருச்சிதைவு சட்ட விரோதமாயிருந்த நாளில் ஏழைப் பெண்கள் பட்ட பாட்டையும், தாலிடோமைடு என்னும் மாத்திரையினால் கைகால் குறைந்து பிறந்த சிசுக்களின் துயரத்தையும் அந்நாடகம் மறைக்காமல் காட்டிற்று. ஆகவே அந்தக் குறை முழுவதும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை.

இந்த நாடகம் பிறந்த வரலாறே ஒரு சுவையான செய்தி. 1998-ஆம் ஆண்டில் டெர்ரி கோட்ஸ் என்னும் மருத்துவச்சி, தம் தொழிலார் படிக்கும் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். இலக்கியத்தில் மருத்துவருக்கு இடமுண்டு; தாதியர்க்கு இடமுண்டு; மாட்டு வைத்தியருக்குக்கூட ஜேம்ஸ் ஹெரியட் என்பவர் எழுதிய கதைகளால் ஓரிடம் கிடைத்துவிட்டது; மருத்துவச்சிக்கு மட்டும் இல்லையே என்பது அவர் குறை. அதைப் படித்தவர்களுள் ஜெனிஃபர் வொர்த் என்பவர் ஒருவர். அவர் இளமையில் லண்டன் கிழக்குப் பகுதியில், புனித யோவான் சபைக் கன்னியரோடு தங்கி மருத்துவச்சியாகப் பணியாற்றியவர். தம் நினைவுகளைக் கையெழுத்தில் எழுதி நூலாக்கினார்; அது 2002-இல் வெளிவந்தது. நாடகம் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011 மே மாத இறுதியில், அவர் காலமானார். கட்டுரை எழுதிய கோட்ஸ் அம்மையாரோ அந்நாடகத்திற்கு ஆலோசகராக அமர்ந்து, பிரசவக் காட்சிகள் பிழையின்றி அமையப் பார்த்துக்கொண்டார். ஒருத்தி குறை சொல்ல, மற்றொருத்தி எழுத, ஒரு நாடு முழுவதும் தன் மருத்துவச்சிகளை மீண்டும் கண்டுகொண்டது.

இச்செய்தி சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அந்த நாடகம் தொடங்கும் ஆண்டு 1957. அதே ஆண்டில் நம் மாவட்டத்துக் கிராமங்களிலும் பிள்ளைகள் பிறந்தன. அவர்களை ஏந்திய கைகள் யாருடையவை? அந்தக் கைக்குரியவளைப் பற்றி நாம் எழுதி வைத்தது என்ன?

முதலில் நம் நிலப்பகுதியைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்களும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி முதலியனவும் பிரிக்கப்பட்டுச் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாறிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இத்தனை முறை நகர்ந்தும், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் நிலை மாறவில்லை. ஆதலின் பிரசவம் பார்ப்பவளுக்கும் இங்கே இரண்டு பெயர்கள். தமிழில் மருத்துவச்சி, தெலுங்கில் மந்திரசானி.

இருபெயரும் ஒரே குலத்தாரைச் சுட்டின. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும் இதைக் காணலாம். தமிழ் நாட்டில் முடிதிருத்தும் குலத்துப் பெண்களே மருத்துவச்சிகள். அதனாலேயே அக்குலத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயரும் வழங்கிற்று. தெலுங்கு நாட்டில் மங்கல குலத்துப் பெண்கள். திருமலைக்குச் சென்று குழந்தைக்கு முதல் முடி இறக்குகிறோம். அந்தக் கத்தியைப் பிடிப்பவர் எந்தக் குலத்தவரோ, அந்தக் குலத்தவளே அக்குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும். மகப்பேற்றுத் தீட்டு என்று வீட்டார் ஒதுங்கி நின்ற நாள்களில் உள்ளே சென்றவள் அவள் ஒருத்தியே. அவளை அழைக்க வேண்டும், அவளைத் தொடவும் கூடாது என்னும் இந்த இரட்டை நிலையை நாம் வெகு காலம் வெட்கமின்றிப் போற்றி வந்தோம்.

அவள் செய்த வேலை பிரசவத்தோடு முடிவதன்று. வலி கண்ட பெண்ணை நடக்கவிடுவாள். குந்தவைத்தோ மண்டியிடச் செய்தோ, உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றச் செய்தோ, பின்னால் அமர்ந்த உறவுப் பெண்ணின்மேல் சாயவைத்தோ பிள்ளையை வாங்குவாள். பிறகு பல நாள் வந்து தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவாள். காயமருந்து இடித்துக் கொடுப்பாள். கூலி பெரும்பாலும் நெல்லும் பழந்துணியும் வெற்றிலை பாக்கும்தான். ‘மந்திரசானி வேலைக்கு ஒப்புக்கொண்டபின் எது வந்தாலும் பிடித்தாக வேண்டும்’ என்று தெலுங்கிலே ஒரு பழமொழி உண்டு. இன்று அதை வேறு எதற்கெல்லாமோ சொல்கிறோம். அதனுள் இருக்கும் பெண்ணை நினைப்பதில்லை.

அவளுடைய கையில் உயிரும் இருந்தது, மரணமும் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. கொப்பூழ்க்கொடியை அரிவாளாலோ சவரக் கத்தியாலோ அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்த வீடுகள் பல. அதனால் வந்த இசிவு நோய் எத்தனையோ சிசுக்களைப் பிறந்த ஒரு வாரத்திற்குள் கொண்டுபோயிற்று. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, இரத்தம் நில்லாது பெருகினாலோ, மருத்துவச்சியிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, ஐடா ஸ்கட்டர் என்னும் இளம் அமெரிக்கப் பெண்ணிடம் மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வரும்படி வேண்டினர். ஐடாவின் தந்தை டாக்டர். ஆனால் ஆண் வைத்தியரை அந்தப்புரத்தில் விட அவர்கள் இசையவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே தம்மை வைத்தியம் பயில அனுப்பியது என்று ஐடா பின்னாளில் கூறினார். 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1902-இல் வேலூரில் பெண்களுக்கென்று நாற்பது படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி அமைத்தார். 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி திறந்தார். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள அந்த ஆஸ்பத்திரியை நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவும் அறியும்.

இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அதில் ஒருவர் குறைகிறார். அந்த மூன்று வீடுகளிலும் கணவன் வெளியே ஓடியபோது உள்ளே யாரோ ஒரு மருத்துவச்சி இருந்திருப்பாள் அன்றோ? தன்னால் ஆகாது என்று அவள் எப்போது உணர்ந்தாள், ‘ஆளைக் கூப்பிடுங்கள்’ என்று அவளே சொன்னாளா என்பவை ஏட்டில் ஏறவில்லை. ஏறியவை எல்லாம் அவளைப் பற்றிப் பிறர் சொன்ன குற்றங்களே. 1885-இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் பெண்களுக்கு வைத்திய உதவி நிதி ஏற்பட்டது. 1903-இல் நாட்டு மருத்துவச்சிகளைப் பயிற்றுவதற்கென்று விக்டோரியா நினைவு நிதி அமைந்தது. அந்நிதியின் சார்பில் 1918-இல் இந்தியாவில் பிரசவ நிலையைப் பற்றி வெளியான அறிக்கை, டாக்டர்மார் எழுதியனுப்பிய கடிதங்களால் நிறைந்தது. அழுக்கு, அறியாமை, பிடிவாதம் என்று அவை அடுக்குகின்றன; அவற்றுள் உண்மை நிறைய உண்டு. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவளின் வாக்குமூலம் மட்டும் அதில் இல்லை.

இங்கிலாந்திலும் அவளைப் பழித்தவர் குறைவல்லர். டிக்கன்ஸ் தம் நாவலில் குடிகார மருத்துவச்சி ஒருத்தியைப் படைத்து ஊரைச் சிரிக்கவைத்தார். எனினும் 1902-இல் அந்நாட்டில் மருத்துவச்சிகள் சட்டம் வந்தபோது, அதுவரை ஓராண்டேனும் இத்தொழில் செய்து நன்னடத்தையுடன் இருந்த பழைய பெண்களும் பதிவேட்டில் சேரலாம் என்று வழி வைத்தனர். 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குச் சம்பளம் தந்தது. பாப்ளரின் சைக்கிள் மருத்துவச்சி அந்தச் சட்டங்களின் மகள். நம் சென்னை ராஜதானியில் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தோன்றியது. 1854-இல் அங்கே மருத்துவச்சிப் பயிற்சியும் தொடங்கிற்று. தாதியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926-இல் வந்தது. ஆனால் அப்பதிவேட்டில் ஏறியவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பயின்ற நகரத்துப் பெண்கள். சந்திரகிரிக்கும் பலமநேருக்கும் அப்பால் இருந்த மந்திரசானி அதற்கு வெளியே நின்றாள். 1946-இல் போர் குழுவினர் கணக்கிட்டபோது, பயிற்சி பெற்ற மருத்துவச்சி 60,000 பேருக்கு ஒருத்தி என்று கண்டனர். ஆயிரம் பிள்ளைப்பேற்றுக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் இறந்தனர் என்றும் மதிப்பிட்டனர்.

ஆகவே 1957-இல் நம் பகுதியில் நடந்த பேறுகளின் பெரும்பகுதியைப் பார்த்தவள் எவ்விதப் பதிவும் இல்லாத அந்தப் பெண்ணே. திருப்பதியில் வைத்தியக் கல்லூரி 1960-இல்தான் ஏற்பட்டது. சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன; வெள்ளைச் சேலை உடுத்த மிட்வைஃபம்மா ஊருக்குள் வரத் தொடங்கினாள். 1977-இல் கிராம சுகாதாரத் திட்டம் வந்தபோது, ஆயிரம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்று குறித்து, பழைய பெண்களையே அழைத்தனர். முப்பது நாள் பயிற்சி, முந்நூறு ரூபாய், ஒரு பெட்டி. கையைக் கழுவு, இடத்தைத் துடை, புதுப் பிளேடு எடு, சுத்தமான நூலால் கட்டு, அறுத்த இடத்தில் எதையும் பூசாதே என்பவையே பாடம். எளிய பாடந்தான், கருவுற்ற தாய்க்குப் போடும் இசிவுத் தடுப்பு ஊசியும் உடன் சேர்ந்து, எண்ணற்ற சிசுக்களைக் காத்தது. பிறந்த சிசுக்களுக்கு வரும் இசிவு நோய் இந்தியாவில் ஒழிந்ததாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றி விழாவிற்கு மந்திரசானி எவரும் அழைக்கப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

ஏனெனில் அதற்குள் அவள் தொழில் முடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் ஏழைத் தாய்க்கு உதவித்தொகை தரும் ஜனனி சுரக்ஷா திட்டம் 2005-இல் வந்தது. அதே ஆண்டில் ஆந்திரத்தில் 108 வண்டியும் ஓடத் தொடங்கிற்று. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் நூற்றுக்கு 96.5 பேறுகள் ஆஸ்பத்திரியிலே நிகழ்ந்தன. தாய்மார் சாவு குறைந்ததை எண்ணும்போது இந்த மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் அதே கணக்கில் இன்னொரு வரியும் உண்டு: அம்மாநிலத்தில் நூற்றுக்கு 42.4 பிள்ளைகள் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவை. பாப்ளர் நாடகத்தில் கன்னியர் வாழும் இல்லத்திற்கு நொன்னாட்டஸ் என்று பெயர். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டதால் ‘பிறவாதவர்’ என்று பெயர் பெற்ற ஒரு புனிதரின் பெயர் அது. அக்காலத்தில் அது அதிசயம். இன்று நம் வீடுகளில் ஐந்தில் இரண்டு பிள்ளைகள் அப்பெயருக்கு உரியவர்.

இங்கிலாந்திலும் வீட்டுப் பிரசவம் மறைந்தது. 1950-களில் மூன்றில் ஒரு பங்காயிருந்தது இன்று நூற்றுக்கு இரண்டு அளவில் நிற்கிறது. அந்நாடகத்தைக் கண்டு மக்கள் கண்கலங்கியதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. ஆனால் அங்கே இழந்ததை நினைப்பதற்கு நூல் இருந்தது, பதிவேடு இருந்தது, எழுதத் தெரிந்த மருத்துவச்சியும் இருந்தாள். நம்மிடம் இருப்பவை ஒரு பழமொழியும், சில முதிய பெண்களின் நினைவும். அவர்களுள் பலர் எழுத்தறியாதார். பிள்ளைகளும் பேரர்களும் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லவே கூசுகிறார்கள். குலத்தின் பெயரால் பட்ட இழிவை அறிந்தவர் அந்தக் கூச்சத்தைக் குறை கூற மாட்டார்.

2018 டிசம்பரில் இந்திய அரசு மருத்துவச்சிப் பணியைப் புதிதாக அமைக்கும் வழிமுறைகளை வெளியிட்டது. தாதியர்க்கு மேலும் பதினெட்டு மாதப் பயிற்சி தந்து, இயல்பான பேறுகளை அவர்கள் பொறுப்பில் விடுவது அதன் நோக்கம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் பேறுகாலத்திற்கான பரிந்துரைகளை வெளியிட்டது. வலி கண்ட பெண்ணை மல்லாந்து கிடக்கும்படி வற்புறுத்த வேண்டாம்; நடக்கட்டும், குந்தட்டும், மண்டியிடட்டும்; அவள் விரும்பும் துணை ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்பவை அவற்றுள் சில. இவற்றைத் திருப்பதியிலும் சித்தூரிலும் இனிப் பயிலப்போகும் இளம்பெண்களுக்குச் சொல்லித்தர, ஆங்கில நூல்கள் வந்திருக்கின்றன.