பழவேற்காட்டுக் கடற்கரையில் பங்குனி ஆமைப் பாதுகாப்பு

பங்குனி ஆமை என்பது வங்காள விரிகுடாக் கரையோரங்களில் முட்டையிட வரும் கடலாமை இனமாகும். திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பம் முதலிய மீனவ ஊர்களின் கடற்பரப்பிலும் இவ்வாமைகள் வருகின்றன. இவை முட்டையிடும் காலமும் மீன்பிடிக் காலமும் ஒன்றாக அமைவதால், ஆமைகளையும் மீனவர் வாழ்வாதாரத்தையும் ஒருசேரக் காப்பது இங்கு முதன்மையான சிக்கலாக உள்ளது.

முட்டையிடல்

சனவரி முதல் மார்ச்சு வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி ஏறத்தாழ 100 முட்டைகள் இடுகின்றன. சுமார் 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கடலின் மீதுள்ள வெளிச்சத்தை நோக்கிச் செல்லும் இயல்புடைய குஞ்சுகள், தெருவிளக்குகளால் திசைமாறி நிலப்பக்கம் சென்று இறப்பதுண்டு.

இறப்பும் காரணமும்

கடலாமைகள் நுரையீரலால் மூச்சுவிடுபவை. இழுவை வலையில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூச்சுத்திணறி இறக்கும். 2025 சனவரியில் சென்னையையும் அதனை அடுத்த மாவட்டங்களையும் சேர்ந்த கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

சட்டங்கள்

இவ்வினம் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எனவே ஆமையைக் கொல்வதும் முட்டைகளை எடுப்பதும் குற்றமாகும். 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது. முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் வரும் பகுதிகளில் இவ்வரம்பு 5 கடல் மைலாகும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நடைமுறையில் உள்ள மீன்பிடித் தடைக்காலம், ஆமைகள் பெருமளவில் வரும் மாதங்கள் முடிந்த பின்னரே தொடங்குகிறது. ஆகவே அண்மைக்கடல் வரம்பே ஆமைகளுக்கு முதன்மைக் காப்பாகும். கரையோரத்தில் சிறு படகுகளில் தொழில் செய்வோரின் வலைகளையும் மீன்வளத்தையும் இவ்வரம்பே காக்கிறது.

காக்கும் முறைகள்

ஆமை விலக்குக் கருவி என்பது இழுவை வலையில் பொருத்தப்படும் கம்பிச் சட்டமாகும். இறால்கள் சட்டத்தின் இடைவெளி வழியே உட்செல்ல, ஆமை மேலுள்ள அல்லது கீழுள்ள திறப்பு வழியே வெளியேறும். மீனும் இறாலும் திறப்பு வழியே தப்பும் என்னும் அச்சத்தால் படகு உரிமையாளர் பலர் இதனை ஏற்கத் தயங்குகின்றனர்.

வலையில் அசைவற்றுக் கிடக்கும் ஆமை இறந்ததாகவே இருக்க வேண்டுவதில்லை. அதனை வயிறு கீழாகக் கிடத்தி, பின்பகுதியைச் சற்று உயர்த்தி, நிழலில் ஈரத்துணியால் போர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அது மீளக்கூடும். ஆமையின் தாடை வலிமையானது. ஆகையால் தலைப்பக்கம் கை கொண்டுசெல்லாமல் ஓட்டின் இருபுறமும் பிடித்துத் தூக்க வேண்டும்.

கரையில் ஆமையைக் காண்போர் விளக்கு அடிக்காமல், நாய்களை விலக்கி, தொலைவில் நின்று வனத்துறைக்குத் தெரிவித்தல் நன்று. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவுநடை மேற்கொண்டு முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து வருகிறது.

ஒப்பீடு

பாக்கு விரிகுடாவில் 2022 இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கு வலையில் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. வலையை அறுத்து உயிரை விடுவிப்பவரின் இழப்பைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் இம்முறை, ஆமைகள் வரும் கரைகளுக்கும் பொருந்தக்கூடியதாகும்.