முதல் துளிப் பால்

கேள்வி கேட்டவர் மீதுள்ள கசப்பில் கேள்வியையும் சேர்த்து ஒதுக்கிவிடுவது அறிவுலகில் புதிதல்ல. ஆயினும் சில கேள்விகள் கேட்டவரின் ஆயுளைக் கடந்தும் விடைக்காகக் காத்து நிற்கின்றன. பால் எவ்வாறு தோன்றியது என்பது அத்தகையதொரு கேள்வி.

1871-இல் செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் டார்வினுக்கு மறுப்பாக ஒரு நூல் எழுதினார். பரிணாமத்தை அவர் மறுக்கவில்லை. இயற்கைத் தேர்வு ஒன்றே அதற்குப் போதுமான காரணம் என்பதைத்தான் மறுத்தார். முழுமையடைந்த உறுப்பின் பயன் நமக்கு விளங்குகிறது. அரைகுறையாக இருந்தபோது அதனால் என்ன பயன்? அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று பாற்சுரப்பி. தாயின் தோலில் தற்செயலாகப் பருத்த சுரப்பியிலிருந்து, சத்தென்று சொல்லத் தகாத ஒரு துளியைச் சுவைத்ததால் எந்தக் குட்டியேனும் உயிர் பிழைத்திருக்குமா என்று கேட்டார்.

டார்வின் இதைப் புறந்தள்ளவில்லை. 1872-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' ஆறாம் பதிப்பில், எதிர்ப்புகளுக்கு விடைகூறப் புதிய அத்தியாயம் ஒன்றையே சேர்த்தார். கடற்குதிரையின் பையில் வளரும் குஞ்சுகளையும், காம்பில்லாமலே பாலூட்டும் பிளாட்டிபஸையும் சுட்டிக்காட்டினார். ஆனால் அந்த முதல் துளியில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல அவரிடம் வழியில்லை. எலும்பு கல்லில் படிந்து நிற்கும், பால் நிற்காது.

விடை பாலுக்குள்ளேயே, அதன் புரதங்களில் இருந்தது.

1922-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் லைசோசைம் என்னும் நொதியைப் பற்றி எழுதினார். கண்ணீரிலும் முட்டையின் வெண்கருவிலும் உள்ள அது பாக்டீரியாவின் சுவரை உடைப்பது. 1967-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூ, வனமன், ஹில் ஆகிய மூவரும் பசும்பாலில் உள்ள ஆல்ஃபா-லாக்டால்புமின் என்ற புரதத்தைக் கோழிமுட்டையின் லைசோசைமுடன் ஒப்பிட்டனர். முன்னது 123 அமினோ அமிலங்களின் கோவை, பின்னது 129. இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பது வரிசையிலேயே தெரிந்தது. கிருமியைக் கொல்லும் புரதத்தின் மரபணு ஒருகாலத்தில் இரட்டித்து, ஒரு பிரதி பால் சர்க்கரையான லாக்டோஸ் உருவாவதற்குத் துணைநிற்கும் புதிய வேலையை ஏற்றிருக்கிறது.

பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன். கால்சியத்தைக் கரைந்த நிலையில் குட்டிக்குக் கொண்டுசேர்ப்பது அதுவே. 2003-இல் காவாசாகியும் வைஸும், கேசீன் மரபணுக்கள் பல்லின் எனாமலை ஆக்கும் புரதங்களின் மரபணுக்களோடு ஒரே குடும்பம் என்று காட்டினர். பாலும் பல்லும் உறவுமுறை.

2008-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபக்கத்தைக் கண்டனர். மஞ்சள் கருவுக்குச் சத்தளிக்கும் வைட்டலோஜெனின் மரபணுக்கள் பாலூட்டிகளின் மூதாதையிடம் மூன்று இருந்தன. கேசீன் தோன்றியபின் அவை ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. முட்டையிட்டுப் பாலும் ஊட்டும் பிளாட்டிபஸிடம் இன்றும் ஒன்று மட்டும் இயங்குகிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் மைவார்ட்டின் கேள்வி எங்கே தடம் மாறியது என்பது புலப்படுகிறது. பால் தொடக்கத்திலேயே உணவாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் கொண்டார். தோலிலிருந்து கசிந்த நீர், மெல்லிய ஓடுடைய முட்டைகள் உலராமல் காத்திருக்கலாம் என்பது ஓலாவ் ஆஃப்டெடால் 2002-இல் முன்வைத்த கருத்து. அதில் லைசோசைமும் இருந்திருந்தால் கிருமியையும் தடுத்திருக்கும். அந்த ஒரு துளி எவர் பசியையும் ஆற்றியிருக்க வேண்டியதில்லை. மஞ்சள் கரு இருந்தவரை குஞ்சு பட்டினி கிடக்கவில்லை. பால் சத்தேறச் சத்தேற, மஞ்சள் கருவின் தேவை குறைந்தது.

டார்வினின் வட்டத்தார் மைவார்ட்டை விலக்கினர். கத்தோலிக்கத் திருச்சபை 1900 ஜனவரியில் அவரைச் சபைநீக்கம் செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். இரு தரப்பும் கைவிட்ட அம்மனிதரின் கேள்விக்கு விடைகூற நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்விடையின் ஒரு பகுதியை அவரும் தம் உடலிலேயே சுமந்திருந்தார், நாமும் சுமக்கிறோம். செயலிழந்த வைட்டலோஜெனின் மரபணுவின் சிதைவுகள் மனித மரபணுத் தொகுதியில் இன்னும் கிடக்கின்றன.